அமைச்சரின் தலையில் ஒளிர்ந்த ஏற்பிகள்

பூரணியின் கைகள் வளரத் தொடங்கியபோது, அதைக் கண்டு முதலில் மகிழ்ந்தவர் தேயிலைத் தோட்டத்துக் கண்டாக்கு ஐயாதான். பிள்ளைகள் பெற்று வளர்த்துவிட்ட ஒரு பெண்ணின் கை இந்த வயதில் ஏன் வளர வேண்டும் என்று அவர் யோசிக்கவில்லை. மலையை மேற்பார்ப்பவருக்கு யோசனை உத்தியோகத்தில் சேராது. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பூரணிய பாருங்க. ஆண்டவனே அந்தப் புள்ளைக்கு ரெண்டு மொறம் குடுத்திருக்கான். இனிமே கொழுந்து நெறை கொறைஞ்சா நான் கேப்பேன்."

வளையல் மணிக்கட்டு வரை ஏற மறுத்தது. மோதிரத்தை ஹட்டனில் வெட்டித்தான் எடுத்தார்கள். மூக்கும் தாடையும் தடித்தன, தலைவலி விடாமல் குத்தியது. செருப்புக்கடை ஹமீத் நானா, ஆம்பிளைச் செருப்பில் கடைசிச் சோடியை நீட்டி, "தங்கச்சி, இதுக்கு மேல போனா செருப்பு தர ஏலாது, டயர்தான் தரணும்" என்றார். பூரணியும் சிரித்தாள். கண் பழுதாகத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது. நேரே இருப்பது தெரிந்தது, பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை. ஒருநாள் இடது பக்கமாக வந்த கொழுந்து லொறியை அவள் காணவேயில்லை. கூட வந்த அண்ணன் மனைவி ராசம்மா சேலையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள்.

கை வளர்வதற்கும் கண் சுருங்குவதற்கும் ஒரே காரணம் என்பதுதான் இதில் அழகு. மூளைக்கு அடியில், மூக்குத் தண்டுக்கு நேர் பின்னால், கடலைப் பருப்பளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. பிட்யூட்டரி என்பார்கள், பள்ளிப் புத்தகத்தில் கபச்சுரப்பி. உடம்பு வளர வேண்டும் என்று உத்தரவு போடுவது அது. அங்கே ஒரு கட்டி வந்தால் உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எலும்பு நீளும் வயது கடந்துவிட்டதால் ஆள் உயரமாவதில்லை, கையும் காலும் தாடையும் அகலமாகின்றன. சுரப்பிக்குச் சற்று மேலே இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே மாறிப் போகின்றன. அந்தக் குறுக்குச் சந்தியில் ஓடும் இழைகள்தான் பக்கப் பார்வையைக் கொண்டு போகிறவை. கட்டி கீழேயிருந்து முட்டும்போது முதலில் சாவது அவைதான்.

கொழும்பில் மூக்கு வழியாக அறுவை செய்தார்கள். பெரும்பகுதி வந்தது. மீதி ஒரு இரத்தக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. அதற்கு மாதம் ஒரு ஊசி இருக்கிறது என்றார்கள். அது போடாவிட்டால் கட்டி மறுபடி எழும்பும், மிச்சப் பார்வையும் போகும்.

அந்த ஊசி எப்படி வேலை செய்கிறது? கொழுந்து நிறுக்கும் தராசில் ஒரு கொக்கி இருக்கும் அல்லவா? காது வைத்த சாக்குத்தான் அதில் மாட்டும். சுரப்பியின் உயிர்க்கலங்களிலும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அவற்றுக்குப் பெயர் ஏற்பிகள். உடம்பு 'போதும், நிறுத்து' என்று அனுப்பும் சேதி அந்தக் கொக்கியில் வந்து மாட்டினால் சுரப்பு நிற்கும். ஊசி மருந்து அதே சேதியைப் பலமாகக் கொண்டு போகிறது. ஆனால் சில கட்டிகளில் கொக்கிகள் நிறைய இருக்கும், சிலவற்றில் இராது. இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 'போதும்' என்ற அதே சேதியில் துளிக் கதிரியக்கத்தைச் சேர்த்துக் கை நரம்பில் ஏற்றுவார்கள். கொக்கி உள்ள இடத்தில் அது மாட்டிக்கொள்ளும். மாட்டாதது சிறுநீரில் போய்விடும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, காமராவின் கீழே படுக்க வைத்தால், மாட்டிய இடம் விளக்குப் போலத் தெரியும்.

இந்த விளக்குக்கு ஒரு குணம் உண்டு. ஆறு மணி நேரத்தில் பாதியாகும், அடுத்த ஆறில் அந்தப் பாதியும் பாதியாகும். நெறை குறைந்தால் தோட்டத்தில் அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம் தருவார்களே, அதுபோல. ஒரு வித்தியாசம், கண்டாக்கிடம் கெஞ்சலாம், அணுவிடம் கெஞ்ச முடியாது. அது யாருக்காகவும் காத்திருக்காது.

காத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்திடம் இந்தப் பொருளை ஒப்படைத்திருந்தார்கள். ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் நடுவே, புதிதாக வெள்ளையடித்த கட்டடம். பெயர், மத்திய மலைநாட்டு அணுப்படிம நிலையம். அதன் பணிப்பாளர் டொக்டர் புவிராஜ். ஊசிக்கு அனுமதி கொடுக்கும் குழுவுக்கும் அவரே தலைவர். கொக்கி இருப்பதைப் படத்தில் காட்டினால்தான் ஊசி என்பது குழுவின் விதி. காமராவை வெளிநாடொன்று நன்கொடையாகக் கொடுத்திருந்தது. திறப்பு விழா நடக்காததால் அது பொலித்தீன் உறைக்குள்ளேயே இருந்தது.

ஒருநாள் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பூரணி 'முதல் பயனாளி'யாகத் தெரிவாகியிருக்கிறாளாம்.

"வரும்போது கொழுந்துக் கூடை எடுத்துட்டு வாங்க" என்றது குரல்.

"கூடை எதுக்குங்க? நாங்க இப்ப சாக்குலதானுங்க எடுக்கிறோம்."

"போட்டோவுக்கு அம்மா. கூடை இல்லைன்னா மலையக மக்கள்னு எப்படித் தெரியும்?"

தோட்டத்தில் ஒருவரிடமும் கூடை இல்லை. கடைசியில் வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் ஹோட்டலின் வாசலில் செடி வைத்திருந்த கூடையை, செடியைக் கழற்றிவிட்டு இரவல் வாங்கினார்கள். "தலையில கட்டியோட போறவ முதுகுல கூடையோட போறா. அடுத்த தடவை தேயிலைச் செடியையே நட்டு அனுப்பச் சொல்லுவானுங்க" என்றாள் ராசம்மா.

விழா அன்று காலையில் கொழும்பிலிருந்து மருந்து வந்தது. ஈயப் பெட்டிக்குள் ஒரு சின்னக் குப்பி. கூட வந்தவன் நிரோஷன், காமராவை இயக்கப் படித்த இளைஞன். அவன் இறங்குவதற்குள் பெட்டிக்கு மாலை போட்டார்கள். கேட்டிலிருந்து மண்டபம் வரை தப்பு அடித்து ஊர்வலமாக எடுத்துப் போனார்கள்.

"டொக்டர், வந்த கையோட ஏத்திட்டா சரியா இருக்கும். வர்ற வழியிலேயே கொஞ்சம் போயிருச்சு" என்றான் நிரோஷன்.

பணிப்பாளர் நிகழ்ச்சி நிரலை எடுத்துக் காட்டினார். "ஊசி ஒன்பதாவது. மங்கள விளக்கு முதலாவது. ஒன்பதாவத முதலாவதுக்கு முந்திச் செஞ்சா, அது எப்படி ஒன்பதாவதாகும்?"

கௌரவ அமைச்சர் இல்லாமல் விளக்கேற்ற முடியாது. அமைச்சர் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சந்தியிலும் மாலை வாங்கியபடி வந்துகொண்டிருந்தார். மேடையில் இரவல் கூடையோடு பூரணி உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. மதியம் திரும்பி, மூடுபனி இறங்கியபின் வாகனங்கள் வந்தன.

பணிப்பாளர் வரவேற்றுப் பேசினார். "இந்த இயந்திரம் எங்களிடம் வந்து ஒன்றரை ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை இதில் ஒரு கீறல்கூட விழவில்லை. காரணம், ஒரு நோயாளியைக்கூட இதன் அருகில் நாங்கள் விடவில்லை. பராமரிப்பு என்றால் இதுதான்!" கைதட்டல் அதிர்ந்தது.

அமைச்சர் எழுந்தார். "என் மக்கள் காத்திருக்கத் தெரிந்தவர்கள். இருநூறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். நான் பதவியில் இருக்கும்வரை இன்னும் காத்திருப்பார்கள். அந்தப் பெருமையை எவனும் எங்களிடமிருந்து பறிக்க முடியாது!"

ஒன்பதாவது நிகழ்ச்சி வந்தது. நிலையத்துத் தாதி தனுஜா மிஸ் பூரணியின் கையில் ஏற்கெனவே குத்தி வைத்திருந்த குழாயில் ஊசிச் சிரிஞ்சைப் பொருத்தினார். அமைச்சர் கையை நீட்டினார். "நம்ம புள்ளைக்கு நானே ஏத்துறேன். போட்டோக்காரர் இந்தப் பக்கம் வாங்க." போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். பொருத்து கழன்றது. கொஞ்சம் பூரணியின் நரம்பில் போயிற்று. மீதியெல்லாம் அமைச்சரின் தோளில் கிடந்த பொன்னாடையில் பீச்சி அடித்தது.

"ஈரம் ஒண்ணுமில்லை, பன்னீர்தானே" என்றார் அமைச்சர்.

அதன்பின்தான் பொன்னாடை போர்த்துவதில் மற்றத் தோட்டப் பிரிவுகளின் முறை வந்தது. ஒவ்வொரு பிரிவின் தொழிற்சங்கக் கிளைத் தலைவரும் வந்து ஈரப் பொன்னாடைக்கு மேல் தங்கள் பொன்னாடையைப் போர்த்தினார்கள். நிரோஷன் பணிப்பாளரிடம் ஓடினான்.

"டொக்டர், அந்த அடி சால்வைய கழட்டி ஒதுக்கி வைக்கணும். மருந்து முழுக்க அதுலதான் இருக்கு."

பணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "உனக்குத் தோட்டம் தெரியாது தம்பி. அது மேற்பிரிவுக்காரங்க போட்டது. அத கழட்டணும்னா, மேல இருக்கிற கீழ்ப்பிரிவு, பங்களாப்பிரிவு எல்லாத்தையும் கழட்டணும். திரும்பப் போடுறப்போ யாருது மொதல்ல? ரெண்டு மாசத்துக்கு வேலைக்குன்னு மலைக்கு ஒருத்தனும் போக மாட்டான். கதிரியக்கத்த சமாளிக்கலாம், கிளைத் தலைவர்மார சமாளிக்க ஏலாது."

பட்டுக்கும் ஜரிகைக்கும் மரியாதை கொடுக்கும் வழக்கம் மருந்து வீசும் காமாக் கதிருக்குக் கிடையாது. அது எத்தனை பொன்னாடையையும் ஊடுருவி வெளியே வந்துவிடும்.

நாடா வெட்டப்பட்டது. இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டன. படமெடுக்கும் கட்டிலில் யாராவது படுத்தால்தான் பத்திரிகைக்கு நன்றாயிருக்கும் என்றார்கள். பூரணி எழுந்தாள். அமைச்சரின் உதவியாளர் விஜிதரன் அவளை உட்காரச் சொன்னான். அமைச்சர் படுத்தார். பொன்னாடைகள் அத்தனையும் சுருண்டு தலையணை போல் அவர் தலைக்கு அடியில் போயின. இயந்திரம் ஓட ஒரு பெயர் வேண்டும். விஜிதரன் அமைச்சரின் பெயரைச் சொன்னான். நிரோஷன் அதையே கணினியில் தட்டினான்.

திரையில் அமைச்சரின் தலைக்கு நடுவே ஒரு வெளிச்சம் தோன்றிற்று. பளீரென்று, பௌர்ணமி போல.

பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பற்றினார். "மலைநாட்டின் முதல் ஏற்பிப் படிமம்! கௌரவ அமைச்சர் அவர்களின் கபச்சுரப்பிப் பகுதியில் ஏற்பிகள் மிகச் செறிவாக உள்ளன!"

"தலைவர் வாழ்க!" என்று கீழ்ப்பிரிவு கத்தியது. மேற்பிரிவு அதைவிடப் பலமாகக் கத்தியது. அமைச்சர் படுத்தபடியே கும்பிட்டார். "எல்லாம் நீங்கள் தந்தது" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அது. அவருக்கே தெரியாமல் சொன்னது.

கூட்டம் கலைந்து, கதிரைகளை அடுக்கும்போது பூரணியின் முறை வந்தது. அவளுக்குள் போனது துளி, அதிலும் மிஞ்சியது மங்கல். படத்தில் சாம்பல் நிற மூட்டம்தான் தெரிந்தது.

"கொக்கி இல்லையா தம்பி?" என்றாள் பூரணி.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. விளக்கே இல்லாம இருட்டுல தேடினோம். அடுத்த கிழமை திரும்ப எடுக்கணும்."

பணிப்பாளர் கதவருகே புதிதாகப் பதித்திருந்த கருங்கல்லைக் காட்டினார். 'முதல் நாள் படிமங்கள் யாவும் வெற்றிகரமாக எடுக்கப்பட்டன' என்று விழாவுக்கு முன்பே செதுக்கியிருந்தார்கள். "வெற்றிகரமா எடுத்ததத் திரும்ப எடுக்க விதி இல்லை" என்றார்.

அனுமதிக் குழு கூடியபோது பூரணியையும் ராசம்மாவையும் வாசலில் நிறுத்திவைத்து உள்ளே அழைத்தார்கள். மேசையில் இரண்டு படங்கள் கிடந்தன.

"இந்தப் படத்துல ஏற்பி இருக்கு. ஆகவே கௌரவ அமைச்சருக்கு மாதாந்த ஊசி அனுமதிக்கப்படுது. இந்தப் படத்துல இல்லை. ஆகவே உங்களுக்கு இல்லை" என்றார் பணிப்பாளர்.

பூரணி குழம்பிப்போனாள். "அமைச்சர் ஐயாவுக்கு இந்த வியாதி இருக்குங்களா?"

"அது அவரோட சொந்த விஷயம். நாங்க நோய்க்கு ஊசி குடுக்கிறதில்லைம்மா, ஏற்பிக்குத்தான் குடுக்கிறோம்."

"ஐயா, எனக்கு ஒரு ஊசி போட்டுப் பாருங்க. கட்டி அடங்குனா கொக்கி இருக்குன்னு அர்த்தம். அடங்காட்டி இல்லை. அதுலயே தெரிஞ்சிடுமே."

"அப்ப படம் எடுக்கிற நிலையம் எதுக்கு?" என்றார் பணிப்பாளர். உண்மையான வேதனையோடு கேட்டார்.

வெளியே விஜிதரன் நின்றான், அமைச்சருக்கான ஊசி அனுமதியை வாங்கிப்போக வந்தவன். ராசம்மா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, தலைவரு தனக்கு வந்த ஊசிய ஒரு ஏழைப் பொம்பளைக்கு விட்டுக் குடுத்தாருன்னு வந்தா, பேப்பர்ல எந்தப் பக்கத்துல போடுவாங்க?"

விஜிதரன் தொலைபேசியை எடுத்தான். "மொதப் பக்கம்க்கா."

"அந்த ஆளு கையால வாங்கவா மதினி?" என்றாள் பூரணி, பஸ்ஸில் வரும்போது.

"அவரு கையால குடுக்கட்டும். நாம மிஸ் கையால வாங்கிக்குவோம். கண்ணு ஒன்னோடது புள்ள."

அமைச்சர் தன் ஊசியைத் தானம் செய்யும் இரண்டாம் விழா நடந்தது. தானத்துக்கு எதிராகச் சுற்றறிக்கை எதுவும் இல்லையாம். மறுபடி கூடை, மறுபடி விளக்கு. நிகழ்ச்சி நிரலில் 'பயனாளியின் கையில் ஊசி ஏற்றல்' என்று அச்சடித்திருந்தார்கள். தனுஜா மிஸ் பணிப்பாளரிடம், அந்த ஊசி கையில் போடுவதில்லை, இடுப்புக்குக் கீழே பின்பக்கத் தசையில் ஆழமாகப் போடுவது என்றார்.

"கையில்னு அச்சாயிருச்சே" என்றார் பணிப்பாளர்.

அந்த மருந்து தூளாக வரும். திரவத்தில் கலக்கிய உடனே போட வேண்டும். தாமதித்தால் அடியில் படிந்து ஊசியை அடைத்துக்கொள்ளும், அந்த மாத மருந்து அத்தோடு வீண். நிகழ்ச்சி நிரல் சொன்னபடி தனுஜா கலக்கினார். அப்போது நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓர் உரையை நிகழ்த்த அமைச்சர் எழுந்தார்.

"தியாகம் என்றால் என்ன?" என்று தொடங்கினார்.

பூரணி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "மிஸ், கலக்கியாச்சுங்களா?"

"ஆச்சுக்கா. இப்பவே போடணும்."

"போடுங்க."

மேடையோரத்து வாங்குப் பலகையில் அவள் குப்புறப் படுத்தாள். ராசம்மா எழுந்து போய் அவளை மறைத்து நின்றாள். ஒரு ஆள் மறைக்கப் போதாது. மலையிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வரப்பட்ட பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். வாங்கைச் சுற்றி வட்டமாக நின்று சேலைத் தலைப்பை விரித்தார்கள். அமைச்சருக்கு முதுகுகள்தான் தெரிந்தன. அவர் முதுகுகளிடம் தியாகத்தை விளக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் பக்கத்தில், 'அமைச்சரின் உரையில் மெய்மறந்த மக்கள்' என்று அந்தப் படம் வந்தது.

பூரணியின் கட்டியில் கொக்கிகள் இருந்தன. அமைச்சர் பெயரில் மாதாமாதம் ஊசி தொடர, தலைவலி விட்டது. விரல் வீக்கம் தணிந்தது. ஒருநாள் கொழுந்து பறிக்கையில், இடது பக்கத்தில் நின்ற ராசம்மாவின் கை அசைவது தலையைத் திருப்பாமலே மங்கலாகத் தெரிந்தது. "மதினி, நீ இருக்கிறது தெரியுது" என்றாள். ராசம்மா மூக்கைச் சிந்தினாள்.

அடுத்த ஊசிக்குப் போனபோது பணிப்பாளர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "சந்தோஷமான செய்தி. ஊசி பலிச்சிச்சான்னு பார்க்க அமைச்சரத் திரும்பப் படம் எடுத்தோம். ஒரு வெளிச்சமும் இல்லை. பூரண குணம்! ஆகவே அவரோட ஊசிய நிறுத்திட்டோம்."

"ஐயா, அந்த ஊசி எனக்குத்தானுங்களே போட்டாங்க?"

"போட்டது உங்களுக்கு. சிகிச்சை அவருக்கு. உங்களுக்கு ஏற்பி இல்லைன்னு எப்பவோ முடிவாச்சே. இல்லாத ஏற்பிக்கு ஊசி வேலை செஞ்சிருந்தா, அது எங்க நிலையத்துக்கு எதிரான குற்றச்சாட்டா ஆயிடும்மா. அப்படிச் சொல்லாதீங்க."

"அவருக்குத் திரும்ப வந்தா?"

"வந்தா ஒடனே தொடங்குவோம். அதுல ஒரு நாள்கூடத் தாமதம் இருக்காது."

அன்று மாலையே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அமைச்சர் பெயருக்கு அர்ச்சனை தொடங்கியது. பெண்கள் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு, கால் கழுவி நேரே கோயிலுக்குத்தான் போனார்கள். செய்தி விஜிதரன் வழியாக அமைச்சரை எட்டியது. தன் பெயரில் தினமும் அர்ச்சனை செய்யும் மக்களை நினைத்து அவர் நெகிழ்ந்துபோனார். போட்டோக்காரரோடு வந்து இறங்கினார். பூரணிக்குப் பக்கவாட்டில், இப்போது அவளுக்குத் தெரியும் இடத்தில், கைகூப்பி நின்றார்.

"இவ்வளவு பக்தியா வேண்டுறியேம்மா, எனக்காக என்ன கேட்ட?" என்றார் தழுதழுத்து.

பூரணி தன் பெரிய கைகளைத் தலைக்கு மேல் குவித்திருந்தாள். பிறந்ததிலிருந்து யாருக்காகவும் அவள் இவ்வளவு மனதார வேண்டிக்கொண்டதில்லை.

"ஒங்க தலையில கட்டி வரணும்னுங்க ஐயா."

ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். ராசம்மா மட்டும் அர்ச்சனைத் தட்டை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாள்.